உலோக அணைவுச் சேர்மத்தில் ப்ராஜெக்ட்: குடுவையில் தொடங்கி வார்டு வாசல் வரை ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு டிசம்பரிலும் காட்பாடி, சத்துவாச்சாரி, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது எனக்கு போன் செய்வார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அண்ணா, காப்பர் காம்ப்ளெக்ஸ் செய்யப் போறேன். கேன்சர் மருந்துன்னு தலைப்பு வைக்கலாமா?”

வைக்கலாம், ஆனால் வைவாவில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்பேன். பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்த செல்லைக் கொன்ற ஒரு பொடிக்கும், நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்துக்கும் நடுவே நீளமான படிக்கட்டு இருக்கிறது. உங்கள் முடிவு அதில் எந்தப் படியில் நிற்கிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதற்காகத்தான்.

காம்ப்ளெக்ஸ் என்றால் அணைவுச் சேர்மம்: நடுவில் ஓர் உலோகம், அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளோ அயனிகளோதான் ஈனிகள். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதும் கிடையாது. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ டேனரி பக்கம் போனவர்கள் ‘வெட் புளூ’ என்று அடுக்கி வைத்திருக்கும் ஈரத் தோலைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலம் +3 குரோமியத்தின் நிறம். தோலின் கொலாஜன் புரதத்தில் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகள் ஈனியாகி அதைப் பிடித்துக்கொள்கின்றன. நன்றாகப் பதப்பட்ட துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. டேனரியில் இதையே சோதனையாகவும் செய்வார்கள். அதே குரோமியம் +6 நிலைக்குப் போனால் புற்றுநோயை உண்டாக்கும் விஷம். ஆகவே ‘இந்த உலோகம் நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கே பொருளில்லை. என்ன ஆக்சிஜனேற்ற நிலை, எந்த ஈனி, எவ்வளவு இறுக்கமான பிணைப்பு என்று கேட்க வேண்டும்.

படி 1: முதல் பத்து நாள் வாசிப்பு

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடுங்கள். பழைய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையின் மேல் மூலையிலும் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: குடுவை, செல், எலி, மனிதர். முப்பது கட்டுரை படித்தால் இருபத்தைந்துக்கு மேல் ‘செல்’ என்ற இடத்திலேயே நின்றுவிடும். இந்தத் துறை எங்கே நெரிசலாக இருக்கிறது, எங்கே காலியாக இருக்கிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.

சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் புற்றுநோய் மருந்தின் கதையை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள், அதில் எல்லாப் படிகளும் இருக்கின்றன. 1840-களிலேயே செய்யப்பட்ட பொருள் அது. 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் அணைவுச் சேர்மங்களின் அமைப்பை விளக்கியபோது இதன் வடிவத்துக்கும் விளக்கம் கிடைத்தது. மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்யும் என்று பார்க்கப் போனார். ஈ.கோலை இரண்டாகப் பிரியாமல் நூல் நூலாக நீண்டது. மின்சாரம் காரணமில்லை, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் சேர்ந்த அணைவுச் சேர்மம்தான் காரணம். அது 1965-இல் வெளியானது. எலிகளில் கட்டியைச் சுருக்கியது 1969-இல் வந்தது. அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1978-இல். இத்தனைக்கும் இது வேகமாக ஏறிய கதை.

ஏறாத கதைகளும் வேண்டும். டிரான்ஸ்பிளாட்டினுக்கும் அதே மூலக்கூறு வாய்பாடுதான், இரண்டு குளோரைடும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம், மருந்தாகப் பயனில்லை. நாமி-ஏ என்ற ருத்தேனியம் சேர்மம் மனிதர்கள்வரை போய், அங்கே நின்றுவிட்டது. உங்கள் முன்னுரையில் வெற்றிகளை மட்டும் அடுக்கினால், படிக்கிறவருக்கு நீங்கள் பாதிதான் படித்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

படி 2: செய்து பார்ப்பது

முதல் வாரத்திலேயே புது ஈனி கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். சேலன் என்ற எளிய ஈனியில் கை பழகுங்கள். சாலிசிலால்டிஹைடு 2.44 கிராம், அதாவது 20 மில்லிமோல், எத்திலீன்டைஅமீன் 0.60 கிராம், 10 மில்லிமோல். இரண்டையும் தனித்தனியே கொஞ்சம் எத்தனாலில் கரைத்து, லேசாகச் சூடாக்கிய முதல் கரைசலில் இரண்டாவதைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் பளபளவென்று மஞ்சள் தகடுகள் விழும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்த நிறம் இல்லை, எலுமிச்சைத் தோலின் மஞ்சள். வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கழுவி, உலர்த்திப் பாருங்கள். முழு விளைச்சல் என்றால் 2.68 கிராம். உருகுநிலை 127 டிகிரி பக்கத்தில் சட்டென்று வர வேண்டும். 115-இல் வியர்க்க ஆரம்பித்தால் மறுபடி படிகமாக்குங்கள். அழுக்கான ஈனியில் செய்த அணைவுச் சேர்மத்தை அப்புறம் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

அதில் 1.34 கிராமை எடுத்து, வெதுவெதுப்பான எத்தனாலில் கரைத்து, ஒரு கிராம் காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட் கரைசலைச் சேர்த்தால் இரண்டும் 5 மில்லிமோல் வீதம் சரியாக இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்த இடத்தில் நிறம் இறங்கி இறங்கிக் கரும்பச்சைக்குப் போகும். இதே வேலையை நிக்கல் அசிடேட்டில் செய்தால் செங்கல் நிறம். கை பழகியதும் ஆல்டிஹைடை மாற்றி உங்கள் சொந்த ஈனிக்குப் போகலாம்.

எத்திலீன்டைஅமீன் புகையும், தோலைச் சுடும். ஹூடுக்குள் வைத்தே ஊற்றுங்கள். இன்னொன்று, பழைய கட்டுரைகளில் பெர்குளோரேட் உப்பு சேர்த்துப் படிகம் எடுத்திருப்பார்கள். அழகான படிகம் வரும், உண்மைதான். உலர்ந்த பெர்குளோரேட் அணைவுச் சேர்மத்தைக் கரண்டியால் சுரண்டினாலே வெடிக்கக்கூடும். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு அது வேண்டாம்.

நம்மூர் வெயிலுக்கு ஒரு குறிப்பு. படிகம் வளர மெதுவாக ஆவியாக வேண்டும். ஏப்ரலில் வேலூர் லேபில் பீக்கரைத் திறந்து வைத்தால் மறுநாள் காலையில் அடியில் பொருக்குதான் இருக்கும். வாயை பாராஃபிலிமால் மூடி, ஊசியால் இரண்டே ஓட்டை போட்டு, கட்டடத்தில் வெயிலே படாத அறையில் வைத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிற ஆசையில்தான் பாதிப் படிகங்கள் வீணாகின்றன.

படி 3: செய்தது அதுதானா?

தனிம பகுப்பாய்வு முதலில். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றும் கணக்கிட்ட மதிப்பிலிருந்து 0.4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஒரு நீர் மூலக்கூறு, அரை எத்தனால்’ என்று சேர்த்துச் சேர்த்துக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். அந்த நீரை வேறு ஏதாவது ஒரு சோதனையும் காட்டினால் ஒப்புக்கொள்ளலாம்.

ஐஆரில், அதாவது அகச்சிவப்பு நிறமாலையில், சேலனின் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு 1635 செ.மீ⁻¹ பக்கம் நிற்கும், உலோகம் பிடித்ததும் பொதுவாகச் சற்று நகரும். கடத்துத்திறனை டிஎம்எஃப் என்ற கரைப்பானில் ஆயிரத்தில் ஒரு பங்கு மோலார் கரைசலில் பாருங்கள். 65 முதல் 90 வரை வந்தால் 1:1 மின்பகுளி, அதற்கு வெகு கீழே இருந்தால் அயனியாகவில்லை. காப்பருக்குக் காந்தத் திருப்புத்திறன் 1.73 போர் மேக்னட்டானுக்குக் கொஞ்சம் மேலே வரும். நிக்கல் சேலன் தளச் சதுரம் என்பதால் காந்தத்தை அது கண்டுகொள்ளவே கூடாது. நிறை நிறமாலை கட்டாயம் எடுங்கள். இணையில்லாத எலக்ட்ரானைக் காட்டும் இபிஆரும் ஒற்றைப் படிக எக்ஸ்ரேயும் உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் சென்னை ஐஐடியின் சைஃப் மையத்துக்கு அனுப்பலாம். எல்லாத் துறைகளும் மார்ச்சில்தான் அனுப்பும் என்பதால் பொங்கல் விடுமுறைக்கு முன்பே சாம்பிள் போய்ச் சேர்ந்தால் நல்லது.

படி 4: கரைசலில் நிலைத்திருக்கிறதா? (இந்தப் படியை யாரும் செய்வதில்லை)

திடப்பொருளாக நீங்கள் நிரூபித்த அமைப்பு, கரைத்த பிறகும் அப்படியே இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் முதல் செல் சோதனையில் நான் செய்த காப்பர் சேர்மம் சிஸ்பிளாட்டினை இரண்டு மடங்கு முந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அன்றைக்கே ஹாஸ்டலில் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர், வயதானவர், படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, சிஸ்பிளாட்டினை எதில் கரைச்சீங்க?”

“டிஎம்எஸ்ஓ சார். என்னோட சேர்மமும் அதிலேதான் கரைஞ்சது. ஒரே மாதிரி இருக்கட்டும்னு…”

அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் இருக்கும் கந்தகம் பிளாட்டினத்தைப் பிடித்து குளோரைடை வெளியே தள்ளிவிடும். ஸ்டாக் கரைசலாக ஃப்ரிட்ஜில் நான் வைத்திருந்த மூன்று நாளில் அந்த மருந்து வேறு பொருளாகிவிட்டது. முடமான குதிரையோடு ஓடி நான் ஜெயித்திருந்தேன். மருத்துவமனையில் சிஸ்பிளாட்டினை உப்புநீரில் கலந்து ஏற்றுவதன் காரணமும் இதே வேதியியல்தான். சாதாரண சலைனில் குளோரைடு 154 மில்லிமோலார். அவ்வளவு குளோரைடு சுற்றி நிற்கும்போது மருந்தில் இருக்கும் குளோரைடு எளிதில் கழன்று போகாது. ரத்தத்திலும் ஏறக்குறைய 100 இருக்கிறது. செல்லுக்குள் அது மிகவும் குறைவு, அங்கே போனதும் குளோரைடு கழன்று நீர் உட்காருகிறது, அந்த வடிவம்தான் டிஎன்ஏவின் குவானைனைப் பிடிக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். உங்கள் சேர்மத்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்து, பிஹெச் 7.4 பஃபரில் நீர்க்கச் செய்து, யூவி நிறமாலையை 0, 1, 4, 24, 48 மணி நேரத்தில் எடுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நிம்மதி. அடியில் தூசி போலப் படிந்தால் அதுவும் ஒரு முடிவுதான், எழுதுங்கள். முடிந்தால் குளூட்டாதயோன் சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். செல்லுக்குள் அது மில்லிமோலார் அளவில் இருக்கிறது. காப்பர் +2-ஐ +1 ஆகக் குறைத்துவிடும். உங்கள் சேர்மம் செல்லின் வாசலைத் தாண்டியதும் உடைந்துபோகிறதா என்பதற்கு இது முதல் தடயம்.

படி 5: உயிரியல் சோதனைகள்

கிருமி செத்த இடம் வட்டமாகத் தெரியும் தட்டு வட்டச் சோதனையிலும் சரி, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடியிலும் சரி, கன்ட்ரோல் என்ற ஒப்பீடுதான் உயிர். சேர்மம், தனி ஈனி, தனி உலோக உப்பு, வெறும் கரைப்பான், ஒப்பிட ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒரு மருந்து, ஐந்தும் வேண்டும். பெரும்பாலானவர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சைக்கு அடிக்கிறார்கள். செப்பு உப்பே கிருமியைக் கொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஆய்வேட்டுக்குத் தெரிய வேண்டாமா? தனி உப்பும் அதே அளவு வட்டம் காட்டினால், உங்கள் ஈனி செய்தது ஒன்றுமில்லை.

எம்டிடியில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதா ஃபார்மசானாக மாற்றும், அதை 570 நானோமீட்டரில் அளப்பீர்கள். சில உலோகச் சேர்மங்களும் ஈனிகளும் செல்லே இல்லாமல் அந்தச் சாயத்தோடு வினை புரியும். ஆகவே தட்டில் செல் இல்லாத ஒரு வரிசைக் குழிகளிலும் சேர்மத்தையும் எம்டிடியையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். டிஎம்எஸ்ஓ இறுதியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செல் லைனை புனே என்சிசிஎஸ் போன்ற களஞ்சியத்திலிருந்து வாங்கியதற்குச் சீட்டு இருக்கட்டும். பக்கத்து லேபில் கடன் வாங்கிய ‘எம்சிஎஃப்-7’ என்ற மார்பகப் புற்றுநோய் செல் உண்மையில் எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அலகில் ஒரு பொறி இருக்கிறது. உயிருள்ள செல்லைப் பாதியாகக் குறைக்கும் அளவான ஐசி50 மதிப்பை மைக்ரோகிராமில் எழுதுவார்கள். சிஸ்பிளாட்டினின் மூலக்கூறு எடை 300. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றால் 33 மைக்ரோமோலார். உங்கள் சேர்மத்தின் எடை 600 என்றால் அதே 10 மைக்ரோகிராம் 17 மைக்ரோமோலார்தான். இரண்டும் சமம் என்று எழுதினால் உங்களுக்கே நஷ்டம், எடை குறைந்த சேர்மமானால் ஊருக்கே பொய். எப்போதும் மைக்ரோமோலாரில் எழுதுங்கள், எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து. கூடவே புற்றுநோய் இல்லாத ஒரு செல்லிலும் செய்யுங்கள். இரண்டையும் ஒரே அளவில் கொல்கிறது என்றால் அது வெறும் நஞ்சு.

டிஎன்ஏ பிணைப்புக்குக் கன்றின் தைமஸ் டிஎன்ஏ வாங்குவீர்கள். 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம் 1.8 முதல் 1.9 வரை வந்தால் புரதக் கலப்பு இல்லை. இந்தச் சோதனையில் சாயமாகச் சேர்க்கும் எத்திடியம் புரோமைடு மரபணுவையே மாற்றக்கூடியது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிங்கிலும் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர் கடைசியில் பாலாற்றுக்குத்தான் போகும், அது ஏற்கெனவே பட்டது போதும்.

சேர்மம் டிஎன்ஏவிலோ புரதத்திலோ எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிக்கும் டாக்கிங் படம் வண்ண வண்ணமாக இருக்கும். காப்பருக்குச் சரியான அளவுருக்கள் கொடுக்காமல் ஓட்டிய டாக்கிங் வெறும் படம். ஒரு பத்திக்கு மேல் அதற்குத் தராதீர்கள்.

படி 6: எலிக்கும் மனிதருக்கும் நடுவே

இதற்குமேல் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் போகாது, போகவும் கூடாது. ஆனாலும் மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விலங்குச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். மனிதர்களிடம் போக, 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இருக்கின்றன. அனுமதி தருவது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. முதல் கட்டத்தில் எவ்வளவு கொடுத்தால் தாங்கும் என்று பார்ப்பார்கள். புற்றுநோய் மருந்தாக இருந்தால் அதைப் பெரும்பாலும் நோயாளிகளிடமே செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவதில் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், மூன்றாவதில் இருக்கிற சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள், நான்காவது கட்டம் கடைக்கு வந்தபின் நடக்கும் கண்காணிப்பு. மருத்துவப் பரிசோதனைகளுக்காக இந்தியாவில் 2007-இல் தொடங்கிய சிடிஆர்ஐ பதிவேட்டில் 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமானது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மாலை உட்கார்ந்து ‘சிஸ்பிளாட்டின்’ என்று தேடி, வேலூரில் நடக்கும் ஆய்வுகளைத் திறந்து, முதன்மை விளைவு என்ன, எத்தனை பேர், யாரைச் சேர்க்கக் கூடாது என்று படித்துப் பாருங்கள்.

“தெரிஞ்ச அக்கா ஹாஸ்பிடல் லேபில் இருக்காங்க, மிச்ச ரத்தம் தருவாங்க” என்று ஒருவர் சொன்னார். கூடாது. மிச்ச ரத்தம் என்றாலும் அது நோயாளியுடையது. மனித நெறிமுறைக் குழு பார்க்காமல் ஒரு சொட்டுகூட வெளியே வரக் கூடாது. அந்த அக்காவின் வேலையும் போகும்.

படி 7: மருத்துவக் கட்டுரையை வேதியியல்காரர் படிப்பது எப்படி

நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் மருத்துவர்கள், அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்செனிக் ட்ரைஆக்சைடை மட்டுமே தனி மருந்தாகக் கொடுத்த ஆய்வு 2006-இல் ‘பிளட்’ இதழில் வந்தது. ஆர்செனிக் உலோகப்போலி, இது அணைவுச் சேர்மமும் இல்லை. ஆனாலும் கனிம மருந்து எப்படி வார்டுக்குள் வருகிறது என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு கிடையாது. சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதே பொருள். புதிதாக நோய் கண்ட 72 பேர். 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியது.

இப்போது நான்கு கேள்வி கேளுங்கள். யாரைச் சேர்த்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை நாள் தொடர்ந்து பார்த்தார்கள்? தீங்கு என்ன? இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில், ஒப்பிடும் குழு இல்லை. அதனால் மதிப்பில்லை என்று பாய்ந்துவிடக் கூடாது, விலையுயர்ந்த கூட்டுச் சிகிச்சை எட்டாத இடத்தில் ஒரே மருந்தால் இவ்வளவு முடியும் என்று காட்டியதே பெரிய விஷயம். ஆனால் ‘மற்ற சிகிச்சையைவிட மேல்’ என்று மட்டும் இதை வைத்து எழுத முடியாது. ஒரு கட்டுரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரிக்கத் தெரிந்தால் நீங்கள் பாதி மருத்துவ ஆய்வாளர்.

மருத்துவ மாணவர் யாராவது நண்பராக இருந்தால் இருவரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் நிறைய. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை அடிக்கும், ரத்தத்தில் மக்னீசியத்தை இறக்கும், காதையும் பாதிக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையோடு வாரம் ஒருமுறை அதைக் கொடுக்கிறார்கள்; எத்தனை பேருக்கு மக்னீசியம் இறங்கியது என்பதை, நெறிமுறைக் குழு அனுமதியோடு, பழைய பதிவேடுகளிலிருந்தே எடுக்கலாம். வில்சன் நோயில் உடலில் செம்பு சேர்ந்துவிடும்; பெனிசிலமைன் அதைக் கொடுக்குப் போல் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். தலசீமியாப் பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை டெஃபராசிராக்ஸ் பிடிக்கும். இந்த இரண்டிலும் மருந்து என்பதே ஈனிதான். அணைவுச் சேர்மம் நோயாளியின் உடம்புக்குள் உருவாகிறது. நாம் லேபில் செய்யும் வேலையைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. கட்டுரை தேடி அலைகிற வேதியியல் மாணவர்கள் இந்தப் பக்கம் ஏன் வருவதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படி 8: எழுதுவதும் அனுப்புவதும்

மூன்று நாளில் ஏற்பு, பணம் கட்டினால் வெளியீடு என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். சரியான இதழில் மூன்று மாதம் காத்திருந்து நிராகரிப்பு வாங்கினாலும், மதிப்பீட்டாளர்கள் எழுதும் இரண்டு பக்கம் இலவச டியூஷன்.

தலைப்பில் ‘மருந்து’, ‘சிகிச்சை’ இரண்டையும் விட்டுவிடுங்கள். போன வருடம் போன் செய்த பெண் கடைசியில் வைத்த தலைப்பு இது: ‘ஒரு சேலன் வகைக் காப்பர் அணைவுச் சேர்மத்தின் தயாரிப்பு, கரைசல் நிலைத்தன்மை, எம்சிஎஃப்-7 செல்களில் நச்சுத்தன்மை.’ “ரொம்பச் சப்புன்னு இருக்கே அண்ணா” என்று குறைபட்டுக்கொண்டாள். வைவாவில் தேர்வாளர் நேராக 48 மணி நேர நிறமாலைப் பக்கத்தைத் திறந்து, அதிலேயே இருபது நிமிடம் கேள்வி கேட்டாராம். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்திருக்கிறது. சாம்பிளைக் காட்டச் சொன்னபோதுதான் தடுமாறியிருக்கிறாள்; இருந்ததையெல்லாம் சோதனைக்கு அனுப்பித் தீர்த்துவிட்டாள். ஆகவே நூறு மில்லிகிராமாவது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெயரும் தேதியும் பென்சிலால் எழுதி ஒட்டி, டெசிகேட்டரில் பத்திரமாக வையுங்கள். பேனா மை எத்தனால் பட்டால் கலைந்துவிடும்.